குளியல் தொட்டித் துரை

மிக்தாலியாவின் வீட்டில் ஐந்து மாதமாக யாரும் குளியலறையில் குளிப்பதில்லை. தொட்டியில் துரை குடியிருந்தார். அந்தப் பெயரை வைத்தது அவள் கணவன் அர்செனியோ. வீட்டிலேயே ஓடு பதித்த அறை அவருக்கு, வேளை தவறாத சாப்பாடு அவருக்கு, நமக்குச் சமையலறை மூலையில் ஒரு வாளித் தண்ணீர், அப்புறம் அவர் துரை இல்லாமல் வேறு யார் என்று கேட்டான். துரை நாற்பது கிலோ எடையுள்ள கறுப்புப் பன்றி.

ஹவானாவில் மாடி வீட்டில் பன்றி வளர்க்கக் கூடாது என்பது சட்டம். வளர்க்காமல் கறியைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது நிலைமை. இரண்டுக்கும் நடுவே சைக்கிளில் ஒரு ஆள் வருவார். குட்டியின் கால்களைக் கட்டிச் சமையலறை மேஜையில் கிடத்தி, தொண்டையில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறி, குரல் நரம்பை அறுத்து, கறுப்பு நூலால் தைத்துவிட்டுப் போவார். அரை கிளாஸ் ரம் கேட்பார். ரம் குட்டிக்கு இல்லை, அவருக்கு. அதன் பிறகு குட்டி வாயைத் திறக்கும், சத்தம் வராது. லெயல்தாத் தெருவில் அவர்கள் இருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் எத்தனை பன்றிகள் இருந்தன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நாற்றத்துக்கு எல்லோரும் சாக்கடையைத் திட்டிக்கொண்டார்கள்.

மிக்தாலியா துரையை வளர்த்தது பண்டிகைக்காக இல்லை. அர்செனியோ பஸ் ஓட்டுகிறவன். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் சிக்னலின் சிவப்பு அவனுக்கு வெளுத்துத் தெரிந்தது. ஏப்ரலில் பார்வையின் நடுவில் ஒரு கருப்புத் திட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு முகமே இருக்காது. அவர் காதைப் பார்ப்பதுபோல் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஓரக்கண்ணில் முகம் வரும். மிக்தாலியாவோடு பேசும்போதெல்லாம் அவன் அப்படித்தான் கழுத்தைத் திருப்புவான், பார்க்கிறவர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பார்கள். அந்த வருஷம் நகரத்தில் பலருக்கு அது வந்தது. காலையில் சர்க்கரைத் தண்ணீரும் ராத்திரி வெறும் சோறும் தின்றால் கண் நரம்புக்கு என்ன போய்ச் சேரும்? மருத்துவமனையில் வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, மாத்திரை சரிதான், ஆனால் கறியும் கொழுப்பும் உள்ளே போக வேண்டும், நரம்பு ஒரேயடியாக வற்றிவிட்டால் திரும்ப வராது என்றார். கறிக்கு எங்கே போவது என்று அவள் கேட்கவில்லை. டாக்டரே பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார்.

ஆகவேதான் துரை. இன்னும் பத்துப் பதினைந்து கிலோ ஏறட்டும், வெயில் தணியட்டும் என்று காத்திருந்தார்கள். டிசம்பரில் அறுத்து, வறுத்து, அவர் கொழுப்பிலேயே மூழ்கவைத்து டின்னில் அடைத்தால், ஏப்ரல்வரை அர்செனியோவுக்குத் தினம் ஒரு துண்டு. மின்வெட்டு என்ன செய்தாலும் அது கெடாது. துரை உடம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் அவள் புருஷன் கண்ணாகத்தான் பார்த்தாள்.

அக்டோபரில் துரைக்கு வயிறு போனது. மஞ்சளாக, தண்ணீராக. இரண்டாம் நாள் காலை அர்செனியோ வழக்கம்போலத் தொட்டிக்குள் கைவிட்டு அவர் முதுகைச் சொறிந்தவன், அப்படியே நின்றான்.

"கெழவி, இங்க வா. துரை இருமறார்."

"தொண்டையை அறுத்துப் போட்டாச்சு, எப்படி இருமுவார்?"

"காதுல கேக்கல. கையில கேக்குது."

மிக்தாலியாவும் கையை வைத்தாள். விலா எலும்பு இழுத்து இழுத்து அடங்கியது. 

அவள் பத்தொன்பது வருஷமாகக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள். மறுநாள் ஒரு குழாயில் துரையின் கழிசலைப் பஞ்சில் தொட்டு எடுத்து, உள்ளாடைக்குள் வைத்துக் கொண்டுபோய், அங்கே இருந்த பெண் டாக்டர் பெர்தோமோவிடம் நீட்டினாள். எவருடையது என்று டாக்டர் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்துக் கையெழுத்தில்லாத அரைக் காகிதம் ஒன்றை அவள் கையில் திணித்தாள்.

"அடினோவைரஸ்."

"செத்துடுமா?"

"இதுக்குப் போயா? பாதிப் பன்னிங்க வயித்துல இது சும்மாவே குடியிருக்கும், வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி. குட்டியா இருந்தா, சத்து இல்லன்னா, கொஞ்ச நாள் கழியும், கொஞ்சம் இருமும். தானாப் போயிடும். தண்ணி நெறையக் குடு, குளிர் படாம வை. பன்னிக் காலராவோன்னு பயந்தியா?"

"ஆமா."

"காலரான்னா இவ்வளவு நாள் உயிரோட இருந்திருக்காது. போ, போய் வேலையைப் பாரு."

அவள் வீடு வந்தபோது துரை எழுந்து நின்று தொட்டி விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தார். மிக்தாலியா காகிதத்தை அர்செனியோவுக்கு வாசித்துக் காட்டி, துரையின் மூக்கில் ஒரு முத்தமும் கொடுத்தாள். காகிதம் ஏப்ரன் பையில் இருந்தது.

அன்று மாலையே கதவு தட்டப்பட்டது. வாசலில் கீழ் மாடி செனைதா.

செனைதாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள்தான் அரசாங்கத்துக்காக அக்கம்பக்கத்தைக் கண்காணிக்கிற தெருக் கமிட்டியின் தலைவி, அறுபத்திரண்டு வயது, தனிக்கட்டை. எண்பதாம் வருஷம் மிக்தாலியாவின் அண்ணன் ஃபெர்மீன் நாட்டைவிட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தபோது, கட்டட வாசலில் கூட்டம் சேர்த்தது அவள்தான். நாட்டைவிட்டுப் போகிறவர்களை ஏசுகிற 'புழு' என்ற சொல்லை எழுதிய அட்டையை அவன் கழுத்தில் மாட்டியவளும், முதல் முட்டையை எறிந்தவளும் அவள்தான். மூன்று அட்டை முட்டை அன்றைக்கு வீணாகியது. இப்போது மாதத்துக்கு ஆளுக்கு நாலு முட்டை வந்தால் வாசலில் நின்று கைதட்டுகிற காலம். மிக்தாலியாவின் அம்மா ஜன்னலிலிருந்து அதையெல்லாம் பார்த்தாள். ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று முதல் பதின்மூன்று வருஷம் இரண்டு பெண்களுக்கும் பேச்சு இல்லை.

பேச்சுத்தான் இல்லையே தவிர வாளி உண்டு. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு வாளி இருக்கும். கட்டடத்தில் எல்லோரும் தோலையும் கழுநீரையும் அதில் கொட்டுவார்கள். ஒற்றைப்படைத் தேதியில் செனைதா எடுப்பாள், இரட்டைப்படையில் மிக்தாலியா. எதற்கு எடுக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. துரைக்கு வந்தது அந்த வாளி வழியாகத்தான் கீழே இறங்கியது என்பது செனைதாவைப் பார்த்ததுமே மிக்தாலியாவுக்குப் புரிந்துவிட்டது.

"மகளே, நீ ஆராய்ச்சி நிலையத்துல இருக்கே," என்றாள் செனைதா. குரல் தாழ்ந்திருந்தது. "கொஞ்சம் கீழ வந்து பார்க்கிறியா? உன் காலைப் பிடிக்கிறேன்னு வெச்சுக்கோ."

"எதைப் பார்க்கணும் தோழர்? உங்க வீட்டுல பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?"

"உனக்குத் தெரியும். கேலி பண்ணாத."

செனைதாவின் பன்றி குளியலறையில் இல்லை. படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்த போர்வையில் படுத்திருந்தது. கழுத்தில் நீல ரிப்பன். பெயர் பெர்லா. டிசம்பருக்காக வளர்க்கிறேன் என்று செனைதா சொல்லிக்கொள்வாள். ஆனால் ரிப்பன் கட்டிய பன்றியை யார் அறுப்பார்கள்? பெர்லாவுக்கு அதே மஞ்சள் கழிசல், அதே சத்தமில்லாத இருமல். வயிற்றில் நாலைந்து சிவப்புத் தடிப்பு இருந்தது, பூச்சிக்கடி. இன்னும் நாலு நாளில் எழுந்து ஓடும்.

பையில் இருந்த காகிதத்தை மிக்தாலியா விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சுவரில் கமிட்டியின் பாராட்டுப் பத்திரம் சட்டம் போட்டுத் தொங்கியது. எண்பதாம் வருஷத்துப் பத்திரம்.

"காலரா," என்றாள்.

செனைதா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வயித்துல செம்புள்ளி பாருங்க. அதான் அடையாளம்."

"ஊசி கீசி..."

"வந்தப்புறம் ஊசி எதுக்கு? இன்னைக்கே கொன்னு எரிச்சிடணும். சாம்பலாகுற வரைக்கும். ஒரு துண்டுகூட நாய்க்குப் போடக் கூடாது, தெருப் பூராப் பரவிடும். வெளிய மூச்சு விடாதீங்க."

"என்னால முடியாது மகளே."

"நான் வர்றேன்."

கறியாகக்கூட அது செனைதாவின் வாயில் போகக் கூடாது. அதற்காகத்தான் எரிக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு மேலே ஏறும்போது அவள் கால் தரையில் பாவவில்லை, பதின்மூன்று வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தப் படியையும் ஏறியதில்லை. அர்செனியோவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"சிரிக்காத. போய் உண்மையைச் சொல்லு."

"முட்டை எறிஞ்சப்போ அவ சிரிச்சா."

"அவ சிரிச்சா சரி. அந்தப் பன்னியா சிரிச்சுது?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு அது உயிரோட இருக்குமா?"

அவள் சமையலறையில் கத்தியைத் தேடி எடுத்தாள். அர்செனியோ கத்தி இழுப்பறையின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

பெர்லாவைப் போர்வையோடு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டு பெண்கள், நாற்பது படி. நடுவில் செனைதா இரண்டு முறை உட்கார்ந்தாள். மேலே சூரியன் இன்னும் இறங்கவில்லை. மிக்தாலியா முன்னங்காலைத் தூக்கி, இடது அக்குளுக்குக் கீழே கத்தியை இறக்கினாள். பெர்லா வாயை முழுக்கத் திறந்தது. நாக்கு தெரிந்தது, அடித்தொண்டை தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. செனைதாதான் கத்தினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் சமைக்க வைத்திருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் செனைதா ஊற்றினாள். கால் மணி நேரத்தில் வறுத்த பன்றியின் வாசனை ஐந்து மாடியிலும் இறங்கியது. கதவுகள் திறந்தன. வருஷக்கணக்காக அந்த வாசனையை மோந்திராதவர்கள், கையில் தட்டோடும் தட்டில்லாமலும், படியேறி வந்து மொட்டை மாடியில் நின்றார்கள்.  எச்சில் விழுங்குவது மட்டும் கேட்டது. செனைதா துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நின்றாள்.

"கிட்ட வராதீங்க. நோய் வந்த பன்னி."

"எனக்கு அதைவிடப் பெரிய நோய் இருக்கு, பசி," என்றான் மூன்றாம் மாடிக் கிழவன் ஒருவன். "ஒரு காதை மட்டும் குடுங்க தோழர்."

"காது கிடையாது."

"உன் சவத்துக்கு ஒருத்தனும் வர மாட்டான் பாரு."

செனைதா அழுதுகொண்டே கட்டையை ஓங்கினாள். அவளை எல்லோரும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மிக்தாலியா தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ஃபெர்மீன் இதைப் பார்க்க வேண்டும், அம்மா பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். அவள் வாயிலும் எச்சில் ஊறியது, அதற்காக வெட்கப்பட்டாள். எலும்பு வெடிக்கிறவரை நின்றுவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

மறுநாள் பத்து மணிக்கு அரசாங்க லாரி வந்து நின்றது. ரப்பர் பூட்ஸ் போட்ட மூன்று பேர், அவர்களோடு கையில் பட்டியலுடன் ஒல்லியான ஒரு இன்ஸ்பெக்டர். முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்தவள் செனைதா. அவள் மணிக்கட்டில் அந்த நீல ரிப்பன் கட்டியிருந்தது. நேராக மிக்தாலியாவின் வாசலுக்கு வந்தாள்.

"நான்தான் மகளே எழுதிக் குடுத்தேன்," என்றாள். முகம் வீங்கியிருந்தது. "மூச்சு விடாதேன்னு சொன்னே. ராத்திரி பூரா யோசிச்சேன். நானும் வளர்த்தேன், எனக்கும் காலரா வந்துச்சுன்னு மறைக்காம எழுதிட்டேன். நீ என் வாசலுக்கு வந்தே, கத்தியைப் பிடிச்சே, நான் உனக்குப் பண்ணினதுக்கு அப்புறமும். உன் வீட்டுல இருக்கிறதாவது பிழைக்கணும். கண்ணு போற மனுஷனோட பன்னி, அதுக்கு முதல்ல ஊசி போடுங்கன்னு சொல்லியிருக்கேன்."

 மிக்தாலியா இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"ஊசியா?" என்றார் அவர். "ஊசி கப்பல்ல வந்தாத்தான் உண்டு. கப்பலே வரல. காலரா வந்த கட்டடத்துல இருக்கிற பன்னி எல்லாத்தையும் எடுத்துடணும், அவ்வளவுதான் உத்தரவு."

"காலரா இல்ல தோழர். நான் பொய் சொன்னேன். இவங்க மேல இருந்த கோபத்துல சொன்னேன்."

"இந்த வாரம் ஏறின மாடியில எல்லாம் காலரா இல்லன்னுதான் சொல்றாங்க. ஒருத்தி அது பன்னியே இல்ல, நாய்னா."

மிக்தாலியா காகிதத்தை நீட்டினாள்.  அவர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"அடினோவைரஸ் இருக்குன்னு எழுதியிருக்கு. இருக்கட்டும். காலரா இல்லன்னு எங்க எழுதியிருக்கு? ஒரு பன்னிக்கு ரெண்டும் வராதா? இதுல யார் கையெழுத்தும் இல்லையே."

"டாக்டர் பெர்தோமோவைக் கேளுங்க. என் பன்னி நல்லா இருக்கு, உள்ள வந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. தலையைச் சொறிந்தார்.

"அம்மா, நோயாக் கிடந்தது கீழ் வீட்டுப் பன்னிதானே? அதோட மண்ணீரல்ல ஒரு துண்டு குடுங்க. அனுப்பி வெக்கிறேன். ரெண்டு நாள்ல முடிவு வந்துடும். அதுவரைக்கும் உங்களோடதைத் தொட மாட்டேன், சத்தியமா. எங்க அது?"

 மொட்டை மாடிப் படியில் கரியின் நாற்றம் இன்னும் இருந்தது.

"எரிச்சாச்சு," என்றாள் செனைதா. "சாம்பலாகுற வரைக்கும் எரிக்கச் சொன்னா."

"யாரு சொன்னது?"

செனைதா மிக்தாலியாவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குள் ஒவ்வொன்றாக இறங்கியது. கத்தி, மண்ணெண்ணெய், துடைப்பக் கட்டை, வாயைத் திறந்த பெர்லா.

"சாம்பலை வெச்சு நான் என்ன பண்றது?" என்றார் இன்ஸ்பெக்டர். "சரி, செம்புள்ளி பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பூச்சிக்கடியா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் காகிதத்துல வேற மாதிரி எழுதிக்கிறேன்."

மிக்தாலியா அவள் கையைப் பிடித்தாள். "சொல்லுங்க அக்கா. பூச்சிக்கடின்னு சொல்லுங்க. அர்செனியோ உங்களுக்கு என்ன பண்ணினான்?"

அக்கா என்று அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. செனைதா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டில் இருந்த நீல ரிப்பனைப் பார்த்தாள்.

"செம்புள்ளிதான்," என்றாள். "ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

வஞ்சம் தீர்த்தாளா, அல்லது பெர்லாவை வீணாகக் கொன்றோம் என்பதைவிடக் காலராவே மேல் என்று அதைப் பிடித்துக்கொண்டாளா, மிக்தாலியாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார்.

துரையை மூன்று பேர் காதையும் வாலையும் பிடித்து இழுத்து வந்தார்கள். நாலு காலையும் தரையில் ஊன்றினார். வாய் திறந்து திறந்து மூடியது. ஐந்து மாடியிலும் கதவு கதவாகத் தட்டி இன்னும் ஆறு பன்றிகளை எடுத்தார்கள், அவற்றில் எதற்கும் குரல் இல்லை. படியில் குளம்பு இடிபடுகிற சத்தம், கதவோரம் பெண்கள் அழுகிற சத்தம், கடைசியாக லாரிக் கதவு. எல்லாம் சுண்ணாம்புக் குழிக்குப் போனது.

இத்தனை நடந்தும் அர்செனியோ முன்னறை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. லாரி போன பிறகு எழுந்தான். சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போய், தினமும் விடுகிற மாதிரியே தொட்டிக்குள் கையை விட்டான். கை அடிவரை போய் ஈரத்தைத் தொட்டது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"நேத்து கத்தியை எடுத்துக்கிட்டுப் போனியே, அப்போ அந்தக் காகிதம் எங்க இருந்துச்சு?"

"ஏப்ரன் பையில."

"பையிலயே இருந்துச்சு."

"ஆமா."

 மிக்தாலியா அவன் முன்னால் மண்டியிட்டு இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டாள். திட்டு, அடி, எதையாவது சொல்லு என்றாள். அவன் அசையவில்லை.

"என்னைப் பாரு கெழவா."

அவன் பார்த்தான். கழுத்தைத் திருப்பாமல், நேராக, அவள் முகம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.